மூக்குக்குத் தெரியாத மூச்சு: சிங்கப்பூர் மரங்கள் விடும் ஆவியைக் கவனிக்கத் தொடங்குவோருக்கு

மழை விட்டு அரை மணி நேரத்தில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பாதையில் இறங்கினால் யாராக இருந்தாலும் ஒரு இடத்தில் நின்று, மூச்சை இழுத்து, “என்ன ஒரு காட்டு வாசனை!” என்பார்கள். நானும் பல வருடம் அதைத்தான் சொன்னேன். அது பெரும்பாலும் மண்ணின் வாசனை. ஈர மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் நம்மை அப்படி நிற்க வைக்கிறது. மரங்கள் காற்றில் விடும் பொருள்கள் வேறு. அவற்றில் மிகப் பெரிய பங்கு நம் மூக்குக்கு எட்டுவதே இல்லை.

அந்த எட்டாத பங்கை எப்படிக் கவனிப்பது என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சின்ன வெப்பமானி, மூடிய காலணி, தண்ணீர், நாலைந்து வாரக் கடைசிகள் இருந்தால் போதும். கருவி எதுவும் இப்போது வாங்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: நான்கு பெயர்களைப் பழக்கிக்கொள்ளுங்கள்

செடிகொடிகள் வெளியிடும் இந்தப் பொருள்களுக்கு அறிவியல் நூல்களில் ‘எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்’ என்று பெயர். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தொடங்குகிறவருக்கு நான்கு வகை போதும்.

முதலாவது ஐசோபிரீன். ஐந்து கரி (கார்பன்) அணு, எட்டு ஹைட்ரஜன் அணு கொண்ட சின்ன மூலக்கூறு. உலகத்து மரஞ்செடிகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 கோடி டன் ஐசோபிரீனைக் காற்றில் விடுகின்றன. இயற்கையும் மனிதரும் சேர்ந்து விடும் மொத்த மீத்தேனுக்கு ஏறத்தாழ நிகரான அளவு இது. காட்டுக் காற்றில் இருக்கும் செறிவில் இதை நாம் முகர்ந்து அறிய முடியாது.

இரண்டாவது மோனோடெர்ப்பீன்கள். இவற்றில் பத்துக் கரி அணு. எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன், ஊசியிலை மரங்களின் பைனீன் இவையெல்லாம் இந்த வகை. கற்பூரமும் இந்தக் குடும்பத்து உறவுதான். மூன்றாவது செஸ்குவிடெர்ப்பீன்கள். பதினைந்து கரி அணு, கொஞ்சம் கனமானவை. மிளகிலும் கிராம்பிலும் கறிவேப்பிலையிலும் இருக்கும் கேரியோஃபிலீன் இதற்கு நல்ல உதாரணம். நான்காவது, இலை காயம்படும்போது கிளம்பும் பச்சை வாசனைப் பொருள்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல் வெட்டும்போது மேல்மாடி வரை ஏறி வருமே, அதுதான்.

ஐசோபிரீன் என்ற பெயர் நம் ஆட்களின் வரலாற்றோடும் ஒட்டியது. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற வேதியியலாளர் ரப்பரைச் சூடாக்கிப் பிரித்தபோது கிடைத்த திரவத்துக்கு வைத்த பெயர் அது. இயற்கை ரப்பர் என்பதே ஐசோபிரீன் அலகுகள் கண்ணி கண்ணியாகக் கோத்த நீண்ட சங்கிலிதான். மலாயாத் தோட்டங்களில் மூன்று தலைமுறைத் தமிழர் வாளியில் சுமந்த பாலுக்குள் இருந்த அதே அடிப்படை அலகை, வேறு மரங்கள் இலை வழியே ஆவியாக விடுகின்றன. இலைகள் அப்படி விடுவதை முதலில் கண்டறிந்தவர் 1950களில் சோவியத் ஜார்ஜியாவில் ஆராய்ந்த கீவி சனாட்ஸே.

படி 2: சமையலறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

காட்டுக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே எதைத் தேடுவது என்று தெரியாது.

மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் மூன்று. நன்றாகக் கழுவி, சோப்பு வாசனை போகும்வரை காய வைத்தது. ஒவ்வொன்றிலும் பத்துக் கறிவேப்பிலை. ஒன்றைக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒன்றை வெயில் விழும் ஜன்னல் விளிம்பில் வையுங்கள். மூன்றாவதில் போடும் இலைகளை மட்டும் விரலால் நன்றாகக் கசக்கி, நிழலில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளிர்ந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள்.

குளிர்பெட்டிப் போத்தலில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஜன்னல் போத்தலைத் திறந்ததும் தாளிப்பதற்கு முந்தைய அந்தக் கறிவேப்பிலை மணம் வரும். இலைக்குள் சின்னச் சின்னச் சுரப்பிகளில் சேமித்து வைத்திருக்கும் எண்ணெய், சூடு ஏற ஏற ஆவியாகிறது. பத்து பாகை (செல்சியஸ்) கூடினால் இப்படிச் சேமிப்பிலிருந்து வரும் ஆவி இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். கசக்கிய போத்தலில் இரண்டு வாசனை கலந்திருக்கும்: சுரப்பி உடைந்து கொட்டிய எண்ணெய் ஒன்று, அடியில் புல் வெட்டியது போன்ற பச்சை நெடி இன்னொன்று. இந்தப் பச்சை நெடி இலையில் ஏற்கெனவே இருந்ததில்லை. திசு கிழிந்த நொடியில் நொதிகள் உண்டாக்குவது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள். எனக்கு ஐந்தாறு தடவை ஆனது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கறிவேப்பிலை சேமித்து வைக்கும் செடி. ஐசோபிரீன் விடும் மரங்கள் அதைச் சேமிப்பதில்லை. ஒளிச்சேர்க்கை நடக்க நடக்க, இலையின் பச்சை நுண்ணறையான பசுங்கணிகத்துக்குள் அப்போதைக்கப்போது செய்து, அப்போதைக்கப்போது வெளியே விட்டுவிடுகின்றன. வெளிச்சத்தை மறைத்தால் சில நிமிடங்களில் நின்றுவிடும். இரவில் கிடையாது. 30 பாகை வெயிலில், இப்படிப்பட்ட மரம் தான் பிடித்த கரியில் நூற்றுக்கு இரண்டு பங்கு போல ஐசோபிரீனாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்ததை ஏன் இப்படி விடுகிறது? திடீர் வெப்பத்தில் இலையின் உள்ளமைப்பு சிதையாமல் காப்பாற்றுகிறது, இலையைத் தாக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்களைத் தணிக்கிறது என்பவை ஆய்வுகளில் வலுவாக நிற்கும் காரணங்கள்.

தைலப் பெட்டியில் கோடாலித் தைலம் இருந்தால் அதையும் ஒரு சொட்டு முகர்ந்து பாருங்கள். மெந்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட். இவற்றில் கடைசிப் பொருளை, பூச்சியோ நோயோ தாக்கும்போது பல செடிகள் காற்றில் விடுகின்றன. பாட்டி முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் அதே மூலக்கூறு, அங்கே இலைப்பேனைத் தின்னும் பூச்சிகளை வரவழைக்கும் சேதி.

படி 3: மூன்று மரங்களைத் தேர்ந்தெடுங்கள்

நேராகப் புக்கிட் தீமா காட்டுக்குப் போய் மேலே அண்ணாந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இலைகள் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் பேட்டையிலேயே தொடங்குங்கள். தேசியப் பூங்காக் கழகம் வைத்திருக்கும் இணைய மர வரைபடத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. உங்கள் புளோக்கைச் சுற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். நிழலுக்கு நின்ற மரத்தின் பெயர் பத்து வருடம் கழித்துத் தெரியவரும்.

மணம் சேமிக்கும் மரம் ஒன்று வேண்டும். சாலையோரங்களில் நிறைய நிற்கும் காட்டுப் பட்டை மரம் நல்லது. நம் சமையல் பட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். இளந்தளிர் செம்மையாக இருக்கும், உதிர்ந்த இலையைக் கசக்கினால் பட்டை மணம் வரும். கெலாம் மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்போங் கிளாம் என்ற வட்டாரத்தின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். காகிதம் போல உரியும் பட்டை, யூகலிப்டஸ் போன்ற வாசனை, மலாய்க்காரர் வீட்டில் குழந்தைக்குத் தடவும் காயு பூத்தே எண்ணெயின் ஊற்று.

மணமில்லாமல் நிறைய விடும் ஒன்று வேண்டும். மூங்கில் புதரையோ எண்ணெய்ப்பனையையோ தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பல மூங்கில் இனங்கள் ஐசோபிரீனைத் தாராளமாக விடுபவை. எண்ணெய்ப்பனை அதில் பேர்பெற்றது. ஆல், அத்தி வகைகளிலும் பல உண்டு. பூமியிலுள்ள மர இனங்களில் பெரும்பாலானவை ஐசோபிரீன் விடுவதில்லை என்பதையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று கொட்டும், மற்றொன்று சொட்டுக்கூட விடாது.

மூன்றாவது பூ மணக்கும் மரம். மகிழமரம் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்து ஓரம் இரண்டு நிற்கின்றன. காலையில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டால் மறுநாளும் மணக்கும். தெம்பூசு இன்னொன்று. தாவரவியல் பூங்காவின் பழைய தெம்பூசு மரம்தான் ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பது. அது பூக்கும் பருவத்தில் அந்தி சாயும்போது தெருவே மணக்கும். ஆனால் எச்சரிக்கை: மூக்குக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியும் பூ வாசனை, எடைக் கணக்கில் இலைகள் விடுவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. நம் மூக்கு அளவுகோல் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்த மூன்றாவது மரம்.

படி 4: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவசரப்பட வேண்டாம்.

ஒரு மரத்தடிக்கு ஒரே நாளில் நாலு முறை போங்கள்: காலை 7 மணி, 10 மணி, மதியம் ஒன்றரை, மாலை ஏழரை. ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, வெயில் நேரடியாக இலையில் விழுகிறதா மேகமா, காற்று எந்தப் பக்கமிருந்து, கடைசியாக எப்போது மழை, மூக்குக்கு என்ன தெரிந்தது என்று ஐந்து வரி எழுதுங்கள். மதியம் ஒன்றரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. வெப்பம் அதற்கும் பிறகு உச்சம் தொடும். ஐசோபிரீன் வெளியீடு அப்போதுதான் பெருக்கெடுக்கும். இலை 25 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சூடானால் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். 40 பாகையை ஒட்டி உச்சம் தொட்டு, அதற்கு மேல் இறங்கும்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிறுவயதில் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, “மதியம் போயி என்னத்தப்பா பார்க்கிற? மரம் விடியக்காலையிலதான் குடுக்கும். வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்” என்றார்.

“ஐயா, நீங்க சொல்றது பாலு. நான் பார்க்கிறது ஆவி” என்றேன்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பால்குழாய்களில் நீர் அழுத்தம் விடியலில்தான் அதிகம். வெயில் ஏறி இலை நீரை இறைக்கத் தொடங்கினால் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும். அதே ரப்பர் மரத்தின் இலைகள் மோனோடெர்ப்பீன்களை விடுவது வெளிச்சத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஒரே மரத்துக்குள் இரண்டு கடிகாரம். சேமித்து வைத்ததற்கு ஒரு நேரம், அப்போதைக்குச் செய்வதற்கு ஒரு நேரம். இந்த வேறுபாட்டை எனக்கு எந்தப் பாடநூலையும் விட அவர் தெளிவாகப் புரியவைத்தார். மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் ஓரங்களில் பழைய தோட்டங்களின் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. பார்த்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலு முறை போனவர்களுக்கு ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். வெளியீடு மதியம் உச்சம் என்றால், மரத்தின் மணம் ஏன் அந்தியிலும் அதிகாலையிலும் தூக்கலாக இருக்கிறது? விடுவது வேறு, தேங்குவது வேறு. மதிய வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே கிளம்பிக் கலந்துவிடும். அதோடு பகல் வெளிச்சத்தில் உருவாகும் வினைப்பொருள்கள் ஆவியை ஓரிரு மணி நேரத்தில் தின்றுவிடும். இரவில் காற்று அசையாமல் தாழப் படிந்திருக்கும். சேமிப்பிலிருந்து கொஞ்சமாகக் கசிந்தாலும் தேங்கி நிற்கும். வீட்டில் மின்விசிறி ஓடும்போது ஊதுபத்தி மணம் தெரியாது, நிறுத்தினால் அறை நிறையும். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

படி 5: காட்டுப் பாதையில்

இப்போது காட்டுக்குப் போகலாம். இரண்டு இடம் சொல்கிறேன்.

ஒன்று, மெக்ரிட்சியின் மர உச்சிப் பாலம். 250 மீட்டர் நீளத் தொங்குபாலம், தரையிலிருந்து அதிகபட்சம் 25 மீட்டர் உயரம். தரையில் இருண்ட ஈரத்தில் நடந்து வந்தவர் பாலத்தில் ஏறியதும் முகத்தில் வெயில் அறையும். அந்த இடத்தில்தான் காட்டின் ஆவி உற்பத்தியாகிறது, வெயில் விழும் மேலடுக்கு இலைகளில். கீழே நிழலில் நிற்கும் இலைகள் விடுவது மிகக் குறைவு. வெப்பமானியைக் கீழே ஒரு முறை, பாலத்து நடுவில் ஒரு முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், போவதற்கு முன் திறப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புக்கிட் தீமா. 163 மீட்டர் குன்று, 1883 முதல் பாதுகாக்கப்படும் காடு. இங்கே செராயா போன்ற பெருமரங்கள் உண்டு. அவற்றின் பிசினை மலாயில் டாமார் என்பார்கள். அந்தக் குடும்பத்து மரங்களின் பிசின்தான் நம் வீட்டில் புகை போடும் குங்கிலியம். அடிமரத்தில் வழிந்து இறுகிய பிசின் தென்பட்டால் தொடாமல் கிட்டப் போய் முகருங்கள். வெட்டுப்பட்ட இடத்தை அடைத்து, பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்க மரம் செய்துகொள்ளும் கட்டு அது. இதே பெருங்குடும்பத்தின் கப்பூர் மரத்திலிருந்துதான் அக்காலத்துப் பாருஸ் கற்பூரம் வந்தது. சுமத்திராவில் பாருஸ் பக்கத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நம் வணிகர் அந்தக் கரையில் நின்றதற்குச் சாட்சி. காட்டு ஆவி என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. அதை விலை பேசி கப்பலேற்றியவர்கள் நாம்.

பாதுகாப்பு: பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகளுக்கு அது சாப்பாட்டு அடையாளம், பறித்துவிடும். இலை, பூ, பிசின் எதையும் பறிப்பதோ எடுத்துவருவதோ கூடாது. இயற்கை வனப்பகுதியில் அது சட்டப்படி குற்றம். விழுந்து கிடப்பதைக் குனிந்து முகர்ந்துவிட்டு அங்கேயே விடுங்கள். மதியத்தில் இடி கேட்டால் அன்றைய குறிப்பு போதும், வெளியே வந்துவிடுங்கள்.

படி 6: காற்றில் என்ன ஆகிறது என்று தொடருங்கள்

மரம் விட்ட ஐசோபிரீன் அப்படியே இருப்பதில்லை. காற்றில் வெளிச்சம் உண்டாக்கும் வினைப்பொருள்களோடு சேர்ந்து உடைந்து ஃபார்மால்டிஹைடு போன்றவையாகிறது. செயற்கைக்கோள்கள் மேலிருந்து ஃபார்மால்டிஹைடை அளந்துதான் கீழே எந்தக் காடு எவ்வளவு ஐசோபிரீன் விடுகிறது என்று கணிக்கின்றன. கனமான டெர்ப்பீன்கள் ஆக்சிஜனேற்றமாகி நுண்துகள்களாகத் திரளும். மேகத் துளிக்கு வித்தாகும் துகள்களில் இவையும் சேரும். தொலைவில் காட்டு மலைகள் நீலமாகத் தெரிவதற்கு இந்தத் துகள்களே காரணம் என்று 1960இல் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் எழுதினார். இந்த நீல மங்கலை நாம் ஆண்டுதோறும் அஞ்சும் புகைமூட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். புகைமூட்டம் எரியும் கரிசேற்று நிலத்திலிருந்து வருவது.

அடுத்தது ஓசோன். ஐசோபிரீன் மட்டும் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. வாகனமும் மின்நிலையமும் கப்பலும் விடும் நைட்ரஜன் ஆக்சைடு சேர்ந்து, மேலே வெயிலும் அடித்தால், தரைமட்டத்தில் ஓசோன் பெருகும். நெஞ்சை எரிக்கும் வாயு அது. நைட்ரஜன் ஆக்சைடு மிகக் குறைவான தூய காட்டில் இதே ஐசோபிரீன் ஓசோனைக் குறைக்கவும் செய்யும். ஆகவே ‘மரம்தான் மாசு செய்கிறது’ என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மரம் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செய்வதைத்தான் செய்கிறது. புதிதாக வந்தது புகைபோக்கி.

சிங்கப்பூரில் இதை நினைத்துப் பார்க்க ஏற்ற இடம் புக்கிட் தீமா விரைவுச்சாலை. 1980களில் போட்ட அந்தச் சாலை புக்கிட் தீமாக் காட்டையும் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் நடுவே பிளந்து ஓடுகிறது. ஒரு பக்கம் ஐசோபிரீன், நடுவே நைட்ரஜன் ஆக்சைடு, மேலே நண்பகல் வெயில். ஓசோனுக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில்.

தினமும் இதைத் தொடர, தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் காற்றுத்தர அளவீடுகளைத் திறந்து, வட்டாரவாரியாக வரும் எட்டு மணி நேர ஓசோன் எண்ணைப் பாருங்கள். காலையில் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை எழுதுங்கள். தெளிந்த வெயில் நாளையும் மப்பான நாளையும் ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் ஒரு வடிவம் தெரியவரும். அந்த எண்ணில் உங்கள் மூங்கில் புதரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் வெயில் ஏறினால் என்ன நடக்கிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

2008இல் மலேசியாவின் சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கிலும் அருகிலிருந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் ஒரு பெரிய ஆய்வுக்குழு அளந்து பார்த்தது. தோட்டம் விட்ட ஐசோபிரீன் இயற்கைக் காட்டைவிடப் பல மடங்கு. உரமும் ஆலையும் வண்டியும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடையும் கூட்டிவிட்டால் ஓசோன் ஆபத்தான அளவுக்கு ஏறும் என்று 2009இல் எச்சரித்தார்கள். எந்தக் காட்டை அழித்து எந்த மரத்தை நடுகிறோம் என்பது காற்றையே மாற்றுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து எண்ணெய்ப்பனை வரிசையை என்னால் வெறும் பச்சையாகப் பார்க்க முடியவில்லை.

படி 7: கருவி வாங்கும் ஆசையை அடக்குங்கள்

இணையத்தில் சில பத்து வெள்ளிக்குக் காற்றுத்தரக் கருவிகள் விற்கிறார்கள். ‘ஆவியாகும் சேர்மங்களின் மொத்த அளவு’ என்று ஒரு எண் காட்டும். நான் ஒன்று வாங்கி நீர்த்தேக்கத்துக்கு எடுத்துப்போனேன். மரத்தடியில் எண் எகிறியது. இரண்டு வாரம் மகிழ்ச்சியாகப் பதிவு செய்தேன். பிறகு ஒரு நாள் கொசு விரட்டும் களிம்பு பூசாமல் போனபோது எண் அசையவே இல்லை. என் கையில் இருந்த களிம்பை அளந்த இரண்டு வாரக் குறிப்புகளை அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்த வகை உணரிகள் கை கழுவும் சாராயத்தையும் வாசனைத் திரவியத்தையும் டெர்ப்பீனையும் பிரித்தறியாது. இன்னொன்று: நாம் வெளிவிடும் மூச்சிலேயே ஐசோபிரீன் இருக்கிறது, காட்டுக் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில். முகத்துக்கு அருகே பிடித்தால் உங்களைத்தான் அளப்பீர்கள்.

ஆய்வாளர்கள் செய்வது வேறு. உயிருள்ள இலையை வெளிச்சமும் வெப்பமும் கட்டுப்படுத்திய சின்னக் கூண்டில் வைப்பார்கள், அல்லது கிளையை டெஃப்லான் பையால் மூடுவார்கள். சாதாரணப் பிளாஸ்டிக் தானே வாயு விடும் என்பதால் டெஃப்லான். உள்ளே வடிகட்டிய காற்றை அனுப்பி, வெளிவரும் காற்றை உறிஞ்சு குழாயில் பிடித்து, ஆய்வகத்தில் சூடாக்கிப் பிரித்து, மூலக்கூறு மூலக்கூறாக எண்ணுவார்கள். காட்டுக்கு மேலே கோபுரம் எழுப்பி நொடிக்குப் பல முறை அளப்பதும் உண்டு. அந்த வேலையில் ஆர்வம் வந்தால் பல்கலைக்கழகப் படிப்புதான் வழி. அதுவரை நோட்டுப் புத்தகமே போதும்.

படி 8: நோட்டில் எதை எழுதக் கூடாது

‘இன்று நிறைய விட்டது’ என்று எழுதாதீர்கள். ‘33 பாகை, நேர் வெயில், காற்றில்லை, மணம் இல்லை’ என்று எழுதுங்கள். மணம் இல்லை என்பது வெளியீடு இல்லை என்பதல்ல. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம், நான் வைத்திருக்கிறேன்.

காட்டுக் காற்று நோய் தீர்க்கும் என்ற பேச்சைக் கவனமாகக் கையாளுங்கள். வனக் குளியல் என்று 1982இல் ஜப்பானில் பெயர் வைத்துப் பரப்பிய பழக்கத்தைச் சுற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அங்குள்ள ஊசியிலைக் காடுகளில், பைனீன் போன்ற மணப்பொருள்கள் மிகுந்த காற்றில் நடந்தவை. நம் மழைக்காட்டின் கலவை வேறு. நடந்தால் மனம் இலேசாகிறது என்பது எனக்கு அனுபவம். அதற்கு இன்ன மூலக்கூறுதான் காரணம் என்று நான் எழுதமாட்டேன்.

இப்போது என் நோட்டில் இருப்பது எங்கள் புளோக்குக்குப் பின்னால், கால்வாயோரம் நிற்கும் ஒரு மூங்கில் புதர். வாரம் ஒரு நாள், மதியம் ஒன்றரை. போன வாரம் 32 பாகை, மேகம் விலகி வெயில், இலை நுனிகள் லேசாகச் சுருண்டிருந்தன. மணம் ஒன்றுமில்லை. பெரியவரும் கூட வந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, “இப்ப விடுதா?” என்று கேட்டார். விடுகிறது என்றேன். இன்னும் ஐந்து நிமிடம் நின்றார்.